சர்ச் அசன விருந்துல தாத்தா பாட்டியையும் ஸ்கூல் பிள்ளைங்களையும் ஒரே பந்தில உக்கார வைக்க ஐடியா வேணும்

கேள்வி:
எங்க ஊரு திருநெல்வேலி பக்கம், கோயிலும் (சர்ச்சைத்தான் சொல்லுதேன்) ஸ்கூலும் ஒரே காம்பவுண்டு. பண்டிகைக்கு அசனம் போடுவோம், ஆட்டுக்கறி, சாம்பார், ரசம் எல்லாம் உண்டு, ஆனா இப்போ பாதிப்பேரு தூக்குவாளில வாங்கிட்டு வீட்டுக்கு போயிருதாங்க, பிள்ளைங்க தனி, பெரியவங்க தனி. மனசு கஷ்டமா இருக்கு. ஐயரும் (சர்ச் போதகர்) ஹெட்மாஸ்டரும் சரின்னுட்டாங்க, எப்படி ஆரம்பிக்க?

பதில் 1:
பந்திலருந்து ஆரம்பிக்காதீங்க அண்ணாச்சி, முந்தின நாள் சாயங்காலம் காய் வெட்டுற இடத்துல ஆரம்பிங்க. எங்க ஊர்ல எட்டாம் கிளாஸ் பிள்ளைங்க பாட்டிமார்கூட உக்காந்து சின்ன வெங்காயம் உரிச்சாங்க, அந்தக் காலத்துல பஞ்சம் எப்படி இருந்துச்சு, ஸ்கூலுக்கு எப்படி நடந்து போனாங்கன்னு ஒரே கதைதான், மறுநாள் அதே பிள்ளைங்க தேடிப்போய் அவங்க பக்கத்துலயே உக்காந்துச்சு. மிஷனரி ரேனியஸ் ஐயர் 1820ல பாளையங்கோட்டைக்கு வந்த காலத்துலருந்தே நம்ம பக்கம் கோயிலும் பள்ளிக்கூடமும் சேந்துதான வளந்துச்சு.

பதில் 2:
வருஷத்துக்கு ஒருநாள் பத்தாது. மாசம் ஒரு சனிக்கிழமை வைங்க, மக்க எல்லாம் சென்னை, கல்ஃப்னு போயி தனியா இருக்குறவங்களுக்கு அதான் பெரிய ஆறுதல். சத்துணவு அரிசி பருப்பை தொட்டுறாதீங்க, அது அரசாங்கக் கணக்கு. மத்த மதத்து பிள்ளைங்க வீட்லயும் முன்னாடியே கேட்டுக்கோங்க, சைவம் தனியா வைங்க.

கேள்வி கேட்டவர்:
வெங்காய ஐடியா ரொம்ப புடிச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் பேசுதேன்.