உதவி: குடும்பப் பயணத்துக்கு மலிவு விமானமா, பெரிய விமானமா? இன்றிரவுக்குள் சொல்லுங்கள்

சேண்பாக்கத்தான்
வணக்கம். கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு விமானத்தில் போகிறோம், ஆறு பேர். மலிவு விமானத்தில் எடுத்தால் போக வர மொத்தம் 11,400 ரூபாய் குறைகிறது. அலுவலகத்தில் எல்லாரும் பெரிய நிறுவனம்தான் நல்லது என்கிறார்கள். மைத்துனர் அது வீண் செலவு என்கிறார். எது சரி? விலை ஏறிக்கொண்டே இருக்கிறது, இன்றிரவே எடுத்தாக வேண்டும்.

ஆம்பூர்க்காரன்
எந்த ஊருக்கு என்று சொல்லவில்லையே ஐயா. எந்த விமான நிலையத்திலிருந்து என்றும் சொல்லவில்லை.

முள்ளுக்கத்திரி
சிங்கப்பூர் என்றே வைத்துக்கொள்கிறேன், நம் ஊரில் பாதிப் பேர் அங்கேதான் போகிறார்கள். வெளிநாட்டு மலிவு டிக்கெட்டில் பெட்டிக்குத் தனிக் கட்டணம், சாப்பாட்டுக்குத் தனிக் கட்டணம். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் நாங்கள் மிச்சப்படுத்தியது ஆளுக்கு இரண்டு தோசைக் காசு. விசா எடுத்துவிட்டீர்களா?

பழைய பயணி
ஆண்டுக்கு நான்கு முறை இதே கேள்வி வருகிறது. உள்நாட்டில் மலிவு, பெரியது என்ற வேறுபாடே தேய்ந்துபோய்விட்டது. பெரிய நிறுவனமான விஸ்தாரா 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவோடு இணைந்துவிட்டது. அந்த ஏர் இந்தியாவிலும் 2024 மே முதல் குறைந்த கட்டண டிக்கெட்டுக்கு 15 கிலோ பெட்டிதான், மலிவு நிறுவனமான இண்டிகோவிலும் 15 கிலோதான். மிச்சம் இருப்பது ஒரு சாப்பாட்டுத் தட்டு. அதற்கு 11,400 ரூபாய் கொடுப்பவர்கள் தாராளமாகக் கொடுக்கலாம். கேட்பதற்கு முன் பழைய இழைகளைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கும் வழக்கம் இங்கே ஒரு காலத்தில் இருந்தது.

சத்துவாச்சாரி அக்கா
பழைய பயணி ஐயா, எல்லாவற்றையும் படித்து முடித்தவர்கள் இங்கே கேட்க ஏன் வரப்போகிறார்கள்?
சேண்பாக்கத் தம்பி, யார் யார் போகிறீர்கள்? வயது என்ன? நேரடி விமானமா, நடுவில் இறங்கி மாற வேண்டுமா? எத்தனை மணிக்குப் புறப்படுகிறது? இதெல்லாம் தெரியாமல் 11,400 ரூபாய் லாபமா நட்டமா என்று எப்படிச் சொல்வது?

வாலாஜா பட்டு
என்னைக் கேட்டால் பெரிய நிறுவனம்தான். மலிவுக் கம்பெனிகள் எப்போது மூடும் என்றே சொல்ல முடியாது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் ஒரே நாளில் நின்றது, டிக்கெட் எடுத்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

பாலாற்று மணல்
அப்படியானால் 2012இல் நின்ற கிங்ஃபிஷர் யார்? 2019 ஏப்ரலில் நின்ற ஜெட் ஏர்வேஸ் யார்? இரண்டும் சாப்பாடு போட்ட பெரிய வீட்டுப் பிள்ளைகள்தாமே. 2003இல் ஏர் டெக்கான் வந்திராவிட்டால் என்னைப் போன்றவர்கள் விமானத்தின் வயிற்றைத் தரையில் நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. அதை வாங்கித் தன்னோடு இணைத்துக்கொண்டதும் இந்தப் பெரிய கிங்ஃபிஷர்தான்.

வாலாஜா பட்டு
நான் சொன்னது இன்றைய நிலைமை. நீங்கள் வரலாறு எடுக்கிறீர்கள்.

பாலாற்று மணல்
2023 மட்டும் வரலாறு இல்லையா?

சேண்பாக்கத்தான்
மன்னிக்கவும், கடையில் கூட்டம். டார்ஜிலிங் போகிறோம். சென்னையிலிருந்து பாக்டோக்ரா, டார்ஜிலிங்குக்குப் பக்கத்து விமான நிலையம். மலிவு வழி: அதிகாலை 5.50க்குச் சென்னை, 8.10க்குக் கொல்கத்தா, பிறகு 9.50க்கு வேறு ஒரு நிறுவனத்தில் பாக்டோக்ரா. பெரிய வழி: காலை 10.15க்குப் புறப்பட்டு டெல்லி, அங்கே இரண்டரை மணி நேரம், அதே நிறுவனத்தில் மாலை 5.45க்குப் பாக்டோக்ரா. அப்பா, அம்மா, நாங்கள் இருவர், மகனுக்கு எட்டு வயது, மகள் மடிக்குழந்தை. அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு மாதம் ஆகிறது. சக்கர நாற்காலி கேட்டால் பணம் வாங்குவார்களா?

ஆம்பூர்க்காரன்
இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்!

சத்துவாச்சாரி அக்கா
தம்பி, மலிவா பெரியதா என்ற கேள்வியை விடுங்கள். முதல் வழியில் உங்களுக்கு இரண்டு தனித்தனி பி.என்.ஆர்., அதாவது முன்பதிவு எண், வரும். கொல்கத்தாவில் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 8.10க்கு விமானம் வந்து நிற்கிறது. சக்கர நாற்காலிப் பயணிகளைக் கடைசியில்தான் இறக்குவார்கள், 8.30 ஆகிவிடும். அம்மாவோடு பெட்டி வரும் இடத்துக்குப் போக வேண்டும். பெட்டிகள் வர வேண்டும். அவற்றைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, புறப்பாட்டுப் பக்கம் ஏறி, அடுத்த நிறுவனத்தின் வரிசையில் நிற்க வேண்டும். அங்கே விமானம் புறப்பட 60 நிமிடங்களுக்கு முன்பே கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். அதாவது 8.50. உங்கள் கையில் இருப்பது ஒரு மணி நாற்பது நிமிடம் இல்லை, வெறும் நாற்பது நிமிடம். முதல் விமானம் கால் மணி நேரம் தாமதித்தால் அதுவும் போயிற்று. வீட்டிலேயே இணையத்தில் செக்-இன் செய்திருந்தாலும் பெட்டியைப் போட அந்தக் கவுன்ட்டருக்குத்தான் போக வேண்டும்.

விட்டுவிட்டால் இரண்டாவது நிறுவனம் உங்களை வராதவர் என்று குறித்துக்கொள்ளும். வரியும் விமான நிலையக் கட்டணமும் திரும்ப வரும், மற்றது போனது போனதுதான். முதல் நிறுவனம் எனக்கென்ன என்று இருக்கும். ஒரே பி.என்.ஆர். என்றால் பெட்டி நேரே பாக்டோக்ராவுக்குப் போகும். அடுத்த விமானம் தப்பினால் ஏற்றி அனுப்பும் பொறுப்பு அவர்களுடையது.

எனக்கு நடந்ததால் சொல்கிறேன், எந்த ஊர், எந்த நிறுவனம் என்பது வேண்டாம். கவுன்ட்டர்ப் பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே தலையை ஆட்டினாள். கண்ணாடிக்கு அப்பால் எங்கள் விமானம் இன்னும் நின்றுகொண்டிருந்தது. மாமியார் மடியில் புளிசாத டப்பாவை வைத்துக்கொண்டு, "அதோ நிற்கிறதே, ஏன் ஏற்ற மாட்டேன் என்கிறாள்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அன்று ஐந்து பேருக்குப் புதிய டிக்கெட் எடுத்தோம். என்ன விலை என்று இன்றுவரை என் மாமியாருக்குத் தெரியாது.

சக்கர நாற்காலி உண்மையாகத் தேவைப்படுவோருக்கு இலவசம். டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்யுங்கள்.

காட்பாடி ஜங்ஷன்
அக்கா சொன்னதற்கு மேல் ஒன்று. மடிக்குழந்தை என்கிறீர்களே, இரண்டு வயது எப்போது முடிகிறது? பயணத்தின் நடுவே பிறந்தநாள் வந்தால் திரும்பும் விமானத்தில் தனி இருக்கை எடுத்தாக வேண்டும். பிறப்புச் சான்றிதழும் கையில் இருக்கட்டும்.
இன்னொன்று, 5.50 விமானம் என்றால் 3.50க்கு மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். அந்த நேரத்துக்கு மெட்ரோ கிடையாது, கார்தான். வேலூரிலிருந்து நள்ளிரவு 12.30க்காவது கிளம்ப வேண்டும். குழந்தை தூங்குமா?

பழைய பயணி
ஒரே பி.என்.ஆர். என்பதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

பாலாற்று மணல்
சொல்ல வந்தீர்கள், சொல்லவில்லை.

ஆம்பூர்க்காரன்
சென்னைதான் என்று ஏன் முடிவு கட்டினீர்கள்? பெங்களூரிலிருந்து பார்த்தீர்களா? சித்தூர், பலமநேர், முளபாகல், கோலார், ஹொஸ்கோட்டை வழியாகத் தேவனஹள்ளிக்குப் போனால் பெங்களூர் நகருக்குள் நுழையவே வேண்டாம்.

காட்பாடி ஜங்ஷன்
ஆம்பூர்க்காரருக்கு அது சரி, சேண்பாக்கத்துக்கு எதற்கு? தேவனஹள்ளி 200 கிலோமீட்டருக்கு மேல், சென்னை விமான நிலையம் 130 சொச்சம். 10.15 விமானத்துக்கு விடியற்காலையில் வீட்டை விட்டால் போதும்.

ஆம்பூர்க்காரன்
130 கிலோமீட்டர்தான், ஆனால் வாலாஜாவைத் தாண்டியதும் சாலை வேலைக்காக எங்கே திருப்பிவிடுவார்கள் என்று அந்தச் சாலை போடுகிறவருக்கே தெரியாது.

வாலாஜா பட்டு
எங்கள் ஊரைச் சொல்லாமல் உங்களுக்குப் பொழுது போகாது. ஸ்ரீபெரும்புதூரில் குன்றத்தூர் பக்கம் திரும்பிப் பல்லாவரத்தில் ஏறிக்கொள்ளுங்கள், பூந்தமல்லி நெரிசல் இல்லை.

முள்ளுக்கத்திரி
நம் வேலூர் அப்துல்லாபுரம் விமான நிலையத்துக்கு விமானம் வரட்டும், இந்தச் சண்டையெல்லாம் தீர்ந்துவிடும்.

பாலாற்று மணல்
அந்த ஓடுபாதையின் நீளத்துக்குக் குட்டி விமானம்தான் இறங்கும். டார்ஜிலிங்குக்கு உங்கள் பேரன் போவான்.

சத்துவாச்சாரி அக்கா
சாலைச் சண்டையைத் தனி இழையில் போடுங்களேன். தம்பி, டெல்லி வழி போனால் மாலை 5.45க்கு இறங்குகிறீர்கள். அங்கே சீக்கிரம் இருட்டிவிடும், டார்ஜிலிங் மலைப்பாதை மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். கோடையில் அந்தப் பக்கம் காலபைசாகி என்ற மாலைப் புயல்மழையும் அடிக்கும். முதல் இரவு சிலிகுரியில் தங்கிவிட்டுக் காலையில் மலை ஏறுங்கள். அறை வாடகையையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.
மகனுக்குப் பக்கத்து இருக்கை வேண்டுமென்று பணம் கட்டாதீர்கள். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பெற்றோரில் ஒருவர் அருகே அமர்த்த வேண்டும் என்று விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ. 2024இல் உத்தரவிட்டிருக்கிறது, எந்த நிறுவனமானாலும்.

பழைய பயணி
ஒரே பி.என்.ஆரில் இருந்தால்தான். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி அக்கா
இது நல்ல திருத்தம். நன்றி ஐயா.

சேண்பாக்கத்தான்
எடுத்துவிட்டேன், டெல்லி வழி. மகளுக்கு 22ஆம் தேதி இரண்டு வயது முடிகிறது, 24ஆம் தேதி திரும்புகிறோம். காட்பாடி நண்பர் கேட்டிராவிட்டால் கவனித்திருக்கவே மாட்டோம். இருக்கை எடுத்தாயிற்று. மைத்துனரிடம் இன்னும் சொல்லவில்லை. எல்லாருக்கும் நன்றி.

முள்ளுக்கத்திரி
மொத்தம் எவ்வளவு ஆயிற்று?

ஆம்பூர்க்காரன்
சென்னைக்குக் காரா, ரயிலா?

முள்ளுக்கத்திரி
ஐயா?