ஈசூன் வீட்டுப் பூனையும் பூச்சி மருந்தும்

ஈசூன் அத்தை: எல்லாருக்கும் காலை வணக்கம். ஒரு சந்தேகம். பூனை முத்துவின் வாலடியில் இன்றைக்கும் அரிசி மாதிரி ஒட்டியிருக்கிறது. ஒன்று நெளிந்ததைக் கண்ணால் பார்த்தேன். பத்து நாளைக்கு முன்புதான் பூச்சி மருந்து கொடுத்தேன். சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீட்டில் பூனை வளர்க்கலாம் என்று 2024 செப்டம்பரில் அனுமதி வந்த பிறகு, உரிமம் எடுத்து முறையாக வளர்க்கிற பிள்ளை. மனசு பதறுகிறது.

ஜூரோங் சித்தப்பா: அளவு பத்தவில்லை போல. இன்னொரு மாத்திரை கொடுத்துப் பார்.

அக்கா: வேண்டாம் அத்தை, பொறுங்கள். எம்ஆர்டி ரயிலில் இருக்கிறேன். மருந்து அட்டையைப் படம் பிடித்துப் போடுங்கள்.

ஈசூன் அத்தை: [படம்]

அக்கா: இதில் உருளைப்புழுவுக்கான பைரன்டெல் மட்டும்தான் இருக்கிறது. அரிசி மாதிரி வருவது நாடாப்புழுவின் துண்டு, உள்ளே முட்டைகள் இருக்கும். பைரன்டெல் பூனையின் நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. இரண்டு மடங்கு கொடுத்தாலும் செய்யாது.

ஜூரோங் சித்தப்பா: அதெப்படிம்மா? புழு என்றால் புழுதானே?

அக்கா: நாம் எல்லாவற்றையும் பூச்சி என்று ஒரே பேரில் சொல்லிவிடுகிறோம் சித்தப்பா, குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. உருளைப்புழுவும் நாடாப்புழுவும் பக்கத்துச் சொந்தம் இல்லை. உருளைப்புழுவுக்கு நாடாப்புழுவைவிடக் கரப்பான்பூச்சி நெருங்கிய உறவு. நாடாப்புழு நத்தை இருக்கிற கிளையைச் சேர்ந்தது. இரண்டும் ஒரே குடலில் குடியிருக்கின்றன, அவ்வளவுதான்.

தம்பி: கரப்பான்பூச்சியா? நிஜமாகவா அக்கா?

அக்கா: நிஜம்தான். இரண்டும் தோல் உரித்து வளர்கிற வம்சம். ஐவர்மெக்டின் கேள்விப்பட்டிருப்பாய், 2015-இல் நோபல் பரிசு வாங்கித் தந்த மருந்து. அது உருளைப்புழுவையும் கொல்லும், சொறி உண்டாக்கும் சிற்றுண்ணியையும் கொல்லும். இரண்டின் நரம்பிலும் தசையிலும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் பட்டால் திறந்து குளோரைடை உள்ளே விடுகிற ஒரு வாயில், அதாவது சின்னக் கதவு, இருக்கிறது. ஐவர்மெக்டின் அதில் ஒட்டிக்கொண்டு மூடவிடாமல் செய்யும், உடம்பு செயலிழந்துவிடும். நாடாப்புழுவிடம் அந்த மருந்து ஒட்டுகிற மாதிரி வாயில் இல்லை. பைரன்டெல் கதையும் அப்படித்தான். உருளைப்புழுவின் தசையில் போய் ஒட்டி அதை விறைக்க வைக்கும், பிடி தளர்ந்து புழு மலத்தோடு வெளியேறிவிடும்.

ஜூரோங் சித்தப்பா: அப்போ பிள்ளைகளுக்கு வாங்கிய பூச்சி மாத்திரை அல்பெண்டசோல் மீதி இருக்கிறது, அதைக் கொடுக்கலாமா?

அக்கா: தயவுசெய்து வேண்டாம். பூனைக்கு அது எலும்பு மஜ்ஜையையே பாதிக்கலாம். மனிதர்களுக்கும் அது எல்லாப் புழுவுக்கும் ஒரே மாதிரி கேட்பதில்லை. ஒரே வேளை மாத்திரை உருளைப்புழுவை நன்றாக வெளியேற்றும், சாட்டைப்புழுவிடம் பெரும்பாலும் தோற்றுவிடும்.

பாட்டி (அத்தை தட்டச்சு செய்தது): ஜொகூர் தோட்டத்தில் இருந்தபோது எங்களுக்கு வேப்பங்கொழுந்தும் விளக்கெண்ணெயும்தான். ஒரு பிள்ளைக்குப் போகும், இன்னொரு பிள்ளைக்குப் போகாது. என் தங்கை வெளிறிப்போய்க் கிடந்தாள். செருப்பு இல்லாமல் மண்ணில் நடந்த காலம்.

அக்கா: பாட்டி, சின்னப் பாட்டிக்கு இருந்தது கொக்கிப்புழுவாக இருந்திருக்கலாம். மண்ணிலிருந்து பாதத்தைத் துளைத்து ஏறி, குடலைக் கவ்வி இரத்தம் குடிக்கும். விளக்கெண்ணெய் வயிற்றைப் போக்கும், கவ்விய பிடியைத் தளர்த்தாது. இதை நீங்கள் சொல்லி இன்றுதான் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், முழுக்கச் சொல்லுங்கள்.

தம்பி: அப்போ நாடாப்புழுவுக்கு என்ன மருந்து?

அக்கா: பிராசிகுவான்டெல். புழுவின் உடம்பில் கால்சியம் நுழைகிற ஒரு வாயிலைத் திறந்துவிடும். தசை சுருங்கி மடங்கும், மேல்தோலும் சிதையும். 1970களில் கண்டுபிடித்த மருந்து, ஆனால் எந்த வாயிலைத் திறக்கிறது என்று 2019-இல்தான் பிடிபட்டது. நாடாப்புழுவுக்குக் கேட்கும், இரத்தக் குழாயில் வாழ்கிற சிஸ்டோசோமா என்ற தட்டைப்புழுவுக்கும் கேட்கும். ஆட்டு ஈரலில் இருக்கும் பாசியோலாவும் தட்டைப்புழுதான், அதற்குக் கேட்காது!

தம்பி: அதற்கு அந்த வாயில் இல்லையா?

அக்கா: இருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த இடமே இதுதான். புரதம் என்பது அமினோ அமிலங்களை எழுத்து மாதிரி கோத்தது. சிஸ்டோசோமாவின் வாயிலில் மருந்து உட்கார்கிற குழியில் ஓர் இடத்தில் அஸ்பராஜின் இருக்கிறது, பாசியோலாவில் அதே இடத்தில் திரியோனின். மலை, மழை மாதிரி ஓர் எழுத்துதான் வித்தியாசம். 2021-இல் ஆய்வகத்தில் பாசியோலாவின் அந்த ஓர் எழுத்தை மாற்றிப் பார்த்தார்கள், வாயில் மருந்துக்குத் திறந்தது. சிஸ்டோசோமாவில் மாற்றினார்கள், திறக்கவில்லை. படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பாசியோலாவுக்கு டிரைகிளாபெண்டசோல் என்று வேறு மருந்து கொடுக்கிறார்கள்.

ஈசூன் அத்தை: எனக்குப் பாதிதான் புரிந்தது கண்ணு. பேரப்பிள்ளை முத்துவைக் கட்டிக்கொண்டு தூங்குகிறானே, அவனுக்கு ஒட்டுமா?

அக்கா: பயப்படாதீர்கள் அத்தை. பூனைக்கு இது பெரும்பாலும் தெள்ளுப்பூச்சியால் வருவது. உடம்பை நக்கும்போது தெள்ளை விழுங்கிவிடும், அதற்குள் புழுவின் குஞ்சு இருக்கும். பிள்ளையும் அப்படித் தெள்ளை விழுங்கினால்தான் வரும், அது அரிது. கையை மட்டும் கழுவச் சொல்லுங்கள். இன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள், எடைக்கு ஏற்ற அளவை அவர் கொடுப்பார். தெள்ளுக்கும் மருந்து கேளுங்கள்.

ஈசூன் அத்தை: போய்விட்டு வந்தோம். பிராசிகுவான்டெல்தான் கொடுத்தார். சீப்பால் வாரிய கறுப்புத் தூளை ஈரத் தாளில் வைத்தார், சிவப்பாகக் கரைந்தது. தெள்ளு குடித்த இரத்தமாம். பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது. கழுத்தில் சொட்டு மருந்தும் விட்டாயிற்று.

ஜூரோங் சித்தப்பா: காலையில் நான் சொன்னபடி கொடுத்திருந்தால் வீணாகப் போயிருக்கும். நல்ல வேளை கேட்டாய்.

அக்கா: மெத்தை விரிப்பு, சோபா உறை எல்லாவற்றையும் வெந்நீரில் துவையுங்கள் அத்தை. பிராசிகுவான்டெல் இப்போது இருக்கிற புழுவைத்தான் கொல்லும், நாளை விழுங்குகிற தெள்ளிலிருந்து காக்காது. மூன்று வாரம் கழித்து மறுபடி அரிசி தெரிந்தால் தெள்ளு இன்னும் வீட்டில் இருக்கிறது என்று அர்த்தம், உடனே சொல்லுங்கள்.

ஈசூன் அத்தை: சரிம்மா. முதல் சுற்றுத் துணி ஓடிக்கொண்டிருக்கிறது. முத்து சன்னலோரம் தூங்குகிறான்.