ஃபாஸ்ட்நெட் 1979: மிதந்துகொண்டிருந்த படகுகளை மாலுமிகள் ஏன் கைவிட்டார்கள்?

கேள்வி: நெய்தல்வாசகன்

இங்கிலாந்தின் கௌஸ் துறையிலிருந்து புறப்பட்டு, அயர்லாந்துக்குத் தெற்கே உள்ள ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றி, அந்நாளில் பிளிமத்தில் முடிந்த பாய்மரப் படகுப் பந்தயத்தில், 1979 ஆகஸ்டில் நேர்ந்த பேரிழப்பைப் பற்றிச் சில வாரங்களாக வாசித்து வருகிறேன். 303 படகுகள் கலந்துகொண்ட அந்தப் பந்தயத்தில், 13ஆம் தேதி இரவு தாக்கிய புயலில் போட்டியாளர்கள் 15 பேர் உயிரிழந்தார்கள். என் மனத்தை உறுத்துவது வேறொரு கணக்கு. 24 படகுகளை அவற்றின் மாலுமிகள் கைவிட்டார்கள். ஆனால் மூழ்கியவை 5 மட்டுமே. மற்ற 19 படகுகளும் ஆளில்லாமல் மிதந்த நிலையில் பின்னர் மீட்கப்பட்டன. படகு தாங்கிய கடலை மனிதர்களால் ஏன் தாங்க முடியவில்லை? சிறு படகொன்று அத்தகைய கடலில் எப்படித்தான் பிழைக்கிறது?

மறுமொழி 1: கலம்புனைவோன்

காற்று மட்டுமே ஒரு நல்ல பாய்மரப் படகைத் தலைகீழாகக் கவிழ்ப்பது அரிது; அதைச் செய்வது உடைந்து விழும் அலை. எவ்வளவு உயரமான அலையானாலும் அது உடையாமல் உருண்டு சென்றால் படகு ஏறி இறங்கிவிடும். சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் மாதிரிப் படகுகளை வைத்து நடத்திய சோதனைகளில், படகின் நீளத்தில் 30 விழுக்காடு உயரமுள்ள உடையும் அலை பக்கவாட்டில் தாக்கினாலே சில வகைகள் கவிழ்ந்தன. 60 விழுக்காட்டை எட்டியபோது எந்த வடிவமும் தப்பவில்லை. பத்து மீட்டர் படகுக்கு முதல் அளவு வெறும் மூன்று மீட்டர்தான் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆகவே, அலைக்கு விலாவைக் காட்டாதிருப்பதே முதல் பாதுகாப்பு.

அடுத்தது, கவிழ்ந்த படகு தானாக நிமிருமா என்பது. அகலமாகவும் எடை குறைவாகவும் கட்டப்பட்ட பந்தயப் படகு, நிமிர்ந்த நிலையில் உறுதியாக நிற்பதுபோல, கவிழ்ந்த நிலையிலும் சில நேரம் நிமிராமல் கிடந்துவிடும். குறுகிய உடலும் கனமான அடிக்கட்டையும் கொண்ட படகோ அடுத்த அலையிலேயே எழுந்துவிடும். அந்த ஆண்டு மிகச் சிறிய படகுகளின் பிரிவில் பந்தயத்தை முடித்தது அசென்ட் என்ற ஒரே படகுதான். அது கொன்டெஸ்ஸா 32 என்னும் அத்தகைய பழைய பாணி வடிவம். இது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

மறுமொழி 2: ஆழ்கடலோடி

மாலுமிகள் ஏன் இறங்கினார்கள் என்பதற்கு நான் விடை சொல்கிறேன். கரையில் இருந்துகொண்டு அவர்களைக் குறை கூறுவது எளிது. படகு கவிழ்ந்தபோது, உள்ளறையின் வாயிலை மூடும் பலகைகள் கழன்று விழுந்து, அந்த வழியாகக் கடல் உள்ளே புகுந்தது. மின்கலங்கள், அடுப்பு, உணவு டின்கள் எல்லாம் பறந்து ஆட்களைக் காயப்படுத்தின. இருட்டில், முழங்கால் அளவு தண்ணீரில், குளிரில் விறைத்து நிற்பவருக்கு அந்தப் படகு மூழ்கிக்கொண்டிருப்பதாகவே தோன்றும். டிராஃபி என்ற படகின் எட்டுப் பேரும் அதை விட்டு உயிர்காப்புத் தெப்பத்தில் ஏறினார்கள், தெப்பம் இரண்டாகக் கிழிந்தது, மூவர் இறந்தார்கள். படகு மிதந்துகொண்டேயிருந்தது. அதே புயலில், கிரிமால்கின் என்ற படகிலிருந்து தெப்பத்துக்கு மாறிய மூவரை ஹெலிகாப்டர் காப்பாற்றியது என்பதையும் மறக்கக் கூடாது. தெப்பத்துக்குள் இறங்கிப் போகாதே, ஏறித்தான் போக வேண்டும் என்று கடலோடிகள் சொல்வதன் பொருள் இதுதான்: படகு காலடியில் அமிழ்ந்த பிறகே அதை விட்டு நீங்க வேண்டும்.

மறுமொழி 3: தூத்தூர்க்காரன்

2017 நவம்பர் இறுதியில் எங்கள் கன்னியாகுமரிக் கடலை ஒக்கிப் புயல் தாக்கியபோது, கவிழ்ந்த வள்ளத்தைப் பற்றிக்கொண்டு மிதந்தவர்களும் மீட்கப்பட்டார்கள். அலைகளுக்கிடையே ஒரு மனிதத் தலையை வானிலிருந்து கண்டுபிடிப்பது மிகவும் கடினம். வள்ளத்தின் அடிப்பகுதியாவது கண்ணில் படும். படகை விடாதே என்பது எங்கள் ஊரில் சிறுவயதிலேயே சொல்லித் தரப்படுவது.

நெய்தல்வாசகன்

மிக்க நன்றி. அலைக்கு விலாவைக் காட்டாதிருக்க வேண்டும் என்றார் கலம்புனைவோன். சோர்ந்துபோன இரண்டு மூன்று பேர், இரவு முழுவதும் சுக்கானைப் பிடித்து அதைச் செய்ய முடியுமா?

மறுமொழி 4: கலம்புனைவோன்

நெடுநேரம் முடியாது. அந்தச் சிக்கலைத்தான் டொனால்ட் ஜோர்டான் என்ற அமெரிக்க வானூர்திப் பொறியாளர் கையிலெடுத்தார். படகின் பின்புறம் அலையை நோக்கியே நிற்பதற்காக, நீரில் விரியும் ஒரே பெரிய துணிக்குடையைக் கட்டி இழுத்தால், அலை அதையும் சேர்த்துத் தூக்கும் நேரத்தில் கயிறு தொய்ந்துவிடும். அவரோ நீண்ட கயிறு ஒன்றில் நூறுக்கும் மேற்பட்ட சிறு துணிக்கூம்புகளைத் தைத்து, நுனியில் சங்கிலிக் கனத்தைத் தொங்கவிட்டு, படகின் பின்புறத்திலிருந்து விடச் செய்தார். எந்த நேரத்திலும் சில கூம்புகளாவது அசைவு குறைந்த நீரில் பிடிமானம் கொண்டிருக்கும். அலை தள்ளும்போது இழுவிசை வெட்டியிழுக்காமல் படிப்படியாக ஏறும். அமெரிக்கக் கடலோரக் காவல் படை 1987இல் வெளியிட்ட அறிக்கை இந்த முறையைப் பரிந்துரைத்தது. இதைக் கடலில் விட்டபின், மாலுமிகள் வாயிலை அடைத்துக்கொண்டு உள்ளே படுத்திருக்கலாம்.

மேல்தளத்துக்கு வந்தே ஆக வேண்டுமென்றால், வாயிலைத் தாண்டுவதற்கு முன்பே, உடலைப் படகோடு பிணைக்கும் பாதுகாப்பு வாரைக் கொளுவிவிட வேண்டும். 1979இல் இறந்தவர்களில் ஆறு பேரை இழந்ததற்கு, அந்த வாரோ அது கொளுவப்பட்ட இடமோ தாங்காமல் போனதே காரணம். மார்புப் பக்கத்துக் கொக்கியும் ஒரு கையால் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். படகு கவிழ்ந்தே கிடந்தால், அந்த வாரே ஆளை நீருக்கடியில் பிடித்துவைத்துவிடும்.