காங்கோ–ஓஷன் ரயில்பாதை: வளர்ச்சிப் பணியா, மனித வேட்டையா?

கடலோடி:
பிரெஞ்சுக்காரர்கள் ஆப்பிரிக்காவைச் சுரண்டினார்கள் என்று மட்டும் சொல்வது பாதி வரலாறு. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காங்கோவின் பிரஸாவில் நகரிலிருந்து கடற்கரை வரை சுமார் 510 கிலோமீட்டர் ரயில்பாதை, 1921 முதல் 1934 வரை மயோம்பே மலைக்காட்டைக் குடைந்து போட்டார்கள். காங்கோ ஆற்றின் கீழ்ப்பகுதியில் படகு இறங்க முடியாது, பாறைகளுக்கிடையே அவ்வளவு வேகமான நீரோட்டம். பாதை இல்லாமல் உள்நாட்டுச் சரக்கு எப்படித் துறைமுகத்துக்கு வரும்?

செங்காந்தள்:
யார் போட்டார்கள்? ஊருக்கு இத்தனை ஆள் என்று விதித்து, சாட், உபாங்கி-ஷாரி (இன்றைய மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு) பகுதிகளிலிருந்து சாரா மக்களைப் பிடித்து வந்தார்கள். படகுகளில் அடைத்து, ஆற்றில் பல நாள் பயணம். சோளமும் கம்பும் உண்டு வளர்ந்த புல்வெளி மக்களுக்கு, ஈரக்காட்டில் மரவள்ளிக் கிழங்கு. வயிற்றுக்கடுப்பு, நிமோனியா, சத்துக்குறைவால் வரும் பெரிபெரி. 15,000 பேருக்கு மேல் செத்தார்கள்.

பொறியாளன்:
பனாமா கால்வாயிலும் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். வெப்பமண்டலக் காட்டில் அன்று எந்தப் பெரிய வேலைக்கும் நோய்தான் எதிரி. அதை ஆட்சியின் கொடூரம் என்பது சரியல்ல.

செங்காந்தள்:
பனாமாவுக்குக் கூலி பேசிப் போனார்கள். இங்கே மறுத்தவனைச் சிப்பாய் அடித்து இழுத்து வந்தான். இயந்திரம் செய்ய வேண்டியதைச் சுத்தியலும் வெறுங்கையும் செய்தன, ஏனெனில் ஆள் இலவசம் போல. 1928-இல் அங்கே போன பத்திரிகையாளர் அல்பேர் லோந்த்ர் எழுதியதும் பாரிஸ் கொதித்தது. பிறகு சோறு, மருந்து, தங்குமிடம் சீரானது. 1930களில் சாவு விகிதம் பெரிதும் குறைந்தது. காடு அதே காடு, கொசுவும் அதே கொசு. முன்பே செய்திருக்கலாம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கடலோடி:
எழுதியவரும் பிரெஞ்சுக்காரர்தானே? தவறைத் திருத்திக்கொண்ட ஆட்சி அது.

செங்காந்தள்:
திருத்தியதா? அதே 1928-இல் உபாங்கி-ஷாரியின் க்பாயா மக்கள் கர்னு என்ற சமயத் தலைவரின் கீழ் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தபோது, அவ்வாண்டு டிசம்பரிலேயே அவரைக் கொன்றார்கள். கிளர்ச்சியை 1931 வரை அடக்கினார்கள். கட்டாய வேலையைச் சட்டம் ஒழித்தது 1946-இல், அதுவும் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் இருந்த ஊஃபுவே-புவான்யி என்ற ஆப்பிரிக்க உறுப்பினரின் முயற்சியால்.

பொறியாளன்:
கர்னு கிளர்ச்சிக்கு ரயில்பாதை மட்டும் காரணமில்லை. ரப்பர் கம்பெனிகளின் அட்டூழியமும் சேர்ந்தது. கம்பெனிகளின் பாவத்தை அரசு மேல் போடுகிறீர்கள்.

செங்காந்தள்:
1899-இல் சுமார் நாற்பது கம்பெனிகளுக்கு அந்த நிலத்தைப் பங்குபோட்டுக் கொடுத்தது பாரிஸ் அரசு. தலைவரி விதித்து, அதைக் கட்ட ரப்பர் எடுக்க வைத்ததும் அதே அரசு.