பழைய கோட்டிங் உரிக்கும் ராத்திரிகள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

தொடக்கப் பதிவு (சென்னை, மருத்துவமனை ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர்)

12 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். வினைல் தரையில் பழைய பாலீஷ் கோட்டிங்கை உரித்தெடுப்பது எனக்குப் பழகிப்போன வேலை. அதில் பயம் வந்தது போன வருடம் ஒரே ராத்திரியில். அதை எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் இங்கேயே எழுதுங்கள், புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் படிப்பார்கள்.

ஓபி வராண்டா. 4 வருடமாகக் கோட்டிங் மேல் கோட்டிங் போட்டு, சுவரோரம் மஞ்சளடித்து, நடுவில் டிராலி சக்கரத் தடம் கறுத்துப் போயிருந்தது. ராத்திரி 11 மணிக்கு ஆரம்பித்தோம். காலை ஐந்தரைக்கெல்லாம் டோக்கன் வாங்க ஆட்கள் வந்துவிடுவார்கள். நாங்கள் 5 பேர். அதில் ஒரு அக்காவுக்கு 50 வயதிருக்கும், ஓரம் தேய்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஸ்டோரில் இருந்த கம்பூட் எல்லாம் 8, 9 நம்பர். அவர் கால் 4 நம்பர். "இதைப் போட்டு நடந்தா வழுக்கி விழுந்துருவேம்மா" என்று சாக்ஸ் போட்டு, மேலே தன் செருப்பையே மாட்டிக்கொண்டார். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

நேரம் மிச்சமாகும் என்று 40 அடி வராண்டாவுக்கும் மொத்தமாக ஸ்ட்ரிப்பரை, அதாவது கோட்டிங்கைக் கரைக்கும் மருந்துத் தண்ணீரை, விரித்துவிட்டோம். தரை தேய்க்கும் மெஷின் பாதி தூரம் வருவதற்குள் மறுகோடி காய்ந்துவிட்டது. கரைந்து நின்ற கோட்டிங் பிசின் மாதிரி திரும்பத் தரையில் ஒட்டிக்கொண்டது. அதைக் கிளப்ப இன்னும் ஸ்ட்ராங்காகக் கலந்து ஊற்றினோம். அக்காவின் சாக்ஸில் ஊறியது அந்தத் தண்ணீர்தான்.

அவருக்கு எரியவில்லை. கால் ஈரமாக இருக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்திருக்கிறார். 2 மணிக்கு டீ குடிக்க உட்கார்ந்தபோது சாக்ஸைக் கழற்றினார். சுண்டுவிரல் பக்கம் தோல் வெளுத்து, தண்ணீரில் ஊறிய அப்பளம் மாதிரி தொளதொளவென்று இருந்தது. கையுறையோடு தொட்டுப் பார்த்தேன், சோப்புக் கட்டியைத் தொட்ட மாதிரி வழுக்கியது.

அது ஏன் என்று கேஷுவாலிட்டி டாக்டர்தான் சொன்னார். ஸ்ட்ரிப்பர் கடுமையான காரம், தோலில் இருக்கிற கொழுப்பை அது சோப்பாகவே மாற்றிவிடும். ஆசிட் பட்டால் சுரீர் என்று எரியும், உடனே கையை உதறுவோம். காரம் பல சமயம் சத்தமில்லாமல் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். குழாயடியில் காலை வைத்து அரை மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் விட்டார்கள். புண் ஆற 6 வாரம் ஆனது.

நாங்கள் வாங்கும் ஸ்ட்ரிப்பரின் பிஎச் 13-க்குப் பக்கம். மோனோஎத்தனாலமைன், பியூட்டாக்ஸி எத்தனால் என்று கேனிலேயே அச்சடித்திருக்கிறது. கோட்டிங்கில் இருக்கும் அக்ரிலிக்கைத் துத்தநாகம் முடிச்சுப் போட்டு வைத்திருக்கும். முதல் மருந்து அந்த முடிச்சை அவிழ்க்கிறது. இரண்டாவது உள்ளே புகுந்து படலத்தை இளக்குகிறது. அது தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். இத்தனை வருடம் அந்தக் கேனைத் தூக்கியும் இதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுமொழி (சிங்கப்பூர், கிளீனிங் கம்பெனி, 9 வருடம்)

அக்கா, படித்ததும் மனசு கேட்கவில்லை. எங்கள் கதை வழுக்கல்.

ஸ்ட்ரிப்பர் ஊறின தரையில் நின்றவர்களுக்குத்தான் தெரியும், எண்ணெய் கொட்டின தரைகூட அதற்குப் பரவாயில்லை. ஆபீஸ் கட்டடம் ஒன்றில் 7ஆவது மாடி லிஃப்ட் லாபி. இரண்டு பக்கமும் மஞ்சள் போர்டு வைத்து, டேப் கட்டி, எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தோம். லிஃப்டை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. ராத்திரி 1 மணிக்குக் கதவு திறந்தது. போனைப் பார்த்துக்கொண்டே ஒருவர் காலை வெளியே வைத்தார், நேராகக் கரைசலுக்கு மேல். மல்லாந்து விழுந்தார், மணிக்கட்டு முறிந்தது. சட்டையெல்லாம் ஸ்ட்ரிப்பர். 995 ஆம்புலன்ஸ் வரும்வரை பேன்ட்ரி சிங்க்கில் அவர் கையையும் கழுத்தையும் கழுவிக்கொண்டே இருந்தோம். இப்போதெல்லாம் வேலை தொடங்கும் முன் செக்யூரிட்டியிடம் சொல்லி, அந்த மாடியில் லிஃப்ட் நிற்காதபடி செய்துவிடுவோம். அதற்கப்புறம்தான் பக்கெட்டையே திறப்போம்.

மெஷினைப் பற்றியும் சொல்கிறேன். அடியில் ஒரே வட்டத் தகடு சுழலும் சிங்கிள் டிஸ்க் மெஷினில் கைப்பிடியைக் கொஞ்சம் உயர்த்தினால் வலது பக்கம் போகும், தாழ்த்தினால் இடது பக்கம் போகும். புதுப் பையன்கள் இது தெரியாமல் பலம் போட்டு இழுப்பார்கள், ஈரத் தரையில் மெஷின் அவர்களை இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் முதல் 2 நாள் வெறும் தண்ணீர் தெளித்த தரையில்தான் பழக்குகிறேன். வயரைத் தோளுக்கு மேல் போட்டுக்கொள்ளச் சொல்வேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில் கிடக்கக் கூடாது, நாற்காலி மேல் இருக்க வேண்டும்.

மறுமொழி (மதுரை, கல்யாண மண்டப மேனேஜர்)

எங்கள் ஊர்ப் பக்கம் ஸ்ட்ரிப்பர் என்றால் யாருக்கும் தெரியாது. கறை என்றால் ஆசிட், அவ்வளவுதான். மண்டபத்தில் பழைய மொசைக் தரை, அதன் மேல் முன்பு யாரோ பளபளப்புக்காகக் கோட்டிங் அடித்திருந்தார்கள், அது திட்டுத் திட்டாகப் பழுத்துக் கிடந்தது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பாத்ரூம் ஆசிட்டை ஊற்றித் தேய்க்கச் சொல்லிவிட்டேன். கோட்டிங் இருந்த இடத்தில் அது அப்படியே இருந்தது. கோட்டிங் தேய்ந்துபோன இடத்தில் சுறுசுறுவென்று நுரைத்தது. மொசைக்கில் பதித்திருப்பது சலவைக்கல் சில்லு, ஆசிட் அதைத்தான் தின்றது. அந்த இடம் இன்றைக்கும் கையில் சொரசொரப்பாகத் தட்டும்.

அதோடு நின்றிருந்தால் தரையோடு போயிருக்கும். நாற்றம் போகட்டும் என்று வேலையாள் ஒருவர் அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டார். ஒரு நிமிடத்தில் கண்ணெல்லாம் எரிச்சல், தொண்டையைப் பிடித்து அமுக்கின மாதிரி இருமல். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகத் தங்கும். குனிந்து தேய்க்கிறவர்களின் முகம் இருப்பதும் அங்கேதான். எல்லாரையும் வாசலுக்குத் துரத்திவிட்டோம். 2 பெண்களை ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்திருந்தார்கள். பிழைத்தார்கள், அது என் புண்ணியம். அன்றிலிருந்து ஆசிட் பாட்டிலுக்குத் தனி அலமாரி, சாவி என்னிடம்.

மறுமொழி (நியூ ஜெர்சி, பள்ளிக் கட்டடப் பராமரிப்பு)

சுருக்கமாக ஒன்று. இங்கே பழைய பள்ளிக்கூடங்களில் 9 அங்குலச் சதுர டைல் பார்த்தால் நாங்கள் மெஷினைத் தொடுவதில்லை. அந்தக் காலத்து டைலிலும் அடியில் இருக்கும் கறுப்புப் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் (தூளாகி மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் நார்) இருக்க வாய்ப்பு அதிகம். 1980 வரைக்கும் போட்ட வினைல், அஸ்ஃபால்ட் தரை என்றால், இல்லை என்று சோதனையில் தெரியும்வரை இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதி. அப்படிப்பட்ட தரையைத் தேய்த்து இழைப்பதற்குத் தடை. கோட்டிங் உரிப்பதென்றால் ஈரமாகவே செய்ய வேண்டும், மெஷினுக்கு அடியில் அதிகம் சுரண்டாத பேட் (தேய்க்கும் வட்டத் திண்டு) போட வேண்டும், வேகம் நிமிடத்துக்கு 300 சுற்றுக்குள் இருக்க வேண்டும். நான் சேர்ந்த புதிதில் கோட்டிங்கே இல்லாத வெறும் டைல் மேல் உலர்ந்த பேட் போட்டு பஃப் செய்ய, அதாவது தேய்த்துப் பளபளப்பாக்க, போனேன். கூட இருந்த பெரியவர் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். அவருக்கு இன்றும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மறுமொழி (கோவை, ஃபெசிலிட்டி சூப்பர்வைசர்)

எனக்கு லினோலியத்தில் அடி. பார்க்க வினைல் மாதிரியே இருந்தது, வழக்கமான ஸ்ட்ரிப்பரைப் போட்டேன். மறுநாள் தரை முழுக்க டீ கொட்டின மாதிரி பழுப்பு. லினோலியம் ஆளி விதை எண்ணெயும் தக்கைத் தூளும் மரத்தூளும் சேர்த்துச் செய்வது, காரம் அந்த எண்ணெயையே அரித்துவிடும். ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் அடியில் சணல் துணி இருக்கும். இப்போது எந்தத் தரையானாலும் பீரோ மறைவில் ஒரு சாண் இடத்தில் போட்டுப் பார்க்காமல் தொடுவதில்லை.

சென்னை அக்காவிடம் ஒரு கேள்வி. இப்போது எவ்வளவு நேரம் ஊற வைக்கிறீர்கள்? கோட்டிங் முழுசாகப் போய்விட்டது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? அப்புறம் அந்த நாற்றத்துக்கு என்ன செய்கிறீர்கள்? எங்களிடம் பாதிப் பேருக்குத் தலைவலி.

தொடக்கப் பதிவாளர் (சென்னை)

எல்லாருக்கும் நன்றி. லிஃப்ட் விஷயத்தை நாளைக்கே எங்கள் எலெக்ட்ரீஷியனிடம் சொல்கிறேன், சத்தியமாக எனக்குத் தோன்றவே இல்லை.

தம்பி, கேனில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அதுதான் கலவை. பக்கெட்டில் முதலில் தண்ணீர், அப்புறம் ஸ்ட்ரிப்பர், அப்போதுதான் முகத்தில் தெறிக்காது. பக்கமும் மூடின கண்ணாடி, முழங்கை வரை வரும் நைட்ரைல் கையுறை இல்லாமல் யாரும் பக்கெட் பக்கம் போவதில்லை. இப்போது 10 அடிக்கு 10 அடி மட்டும்தான் விரிக்கிறோம். 10 நிமிடம் ஊறும். ஃபேன் காற்று படுகிற இடம் சீக்கிரம் காயும், அங்கே ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்து நனைப்பார். அப்புறம் கறுப்பு பேட், 175 சுற்று மெஷின். சேறு மாதிரி கிளம்புவதை உடனே வெட் வேக்கூமில் உறிஞ்சிவிடுவோம். அதை வைப்பரால் இழுத்துக்கொண்டே போனால் மறுபடி ஒட்டும்.

அலசுவது 2 தடவை, இரண்டாவது தடவைக்குப் புது மாப், புதுத் தண்ணீர். ஸ்ட்ரிப்பரில் முக்கின மாப்பையே அலசிப் போட்டால் தரையில் காரம் மிச்சமிருக்கும், மேலே போடுகிற புதுக் கோட்டிங் ஒரு மாதத்தில் வெள்ளைப் பொடியாக உதிரும். ஈரத்தரையில் பிஎச் தாளை ஒட்டிப் பார்ப்பேன், குழாய்த் தண்ணீரில் காட்டுகிற அதே நிறம் வரும்வரை அலசல். காய்ந்தபின் லைட்டுக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தால் மிச்சக் கோட்டிங் தீவு தீவாகப் பளபளக்கும். நாணயத்தால் மெல்லக் கீறினால் வெள்ளைத் தூள் வரும். ஒன்றும் வரவில்லை என்றால் போய்விட்டது.

நாற்றத்துக்கு ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறக்கிறோம். ஏசி ஓடினால் அதே காற்றுதான் திரும்பத் திரும்பச் சுற்றும், பக்கத்து வார்டு வரை போகும். வீசிங் நோயாளிகள் இருக்கிற வார்டு பக்கம் என்றால் அன்றைக்கு வேலையே எடுப்பதில்லை, டியூட்டி நர்ஸிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன். மணிக்கு ஒரு தடவை எல்லாரும் 10 நிமிடம் வெளியே வந்தாக வேண்டும். அப்போதே கம்பூட்டைக் கழற்றிக் கால், கணுக்கால், முழங்கை மூன்றையும் பார்த்துவிடுவோம். எரிகிறதா என்று நான் கேட்பதே இல்லை. வழுவழுவென்று இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன். இருந்தால் நேரே குழாயடி.

4, 5 நம்பர் கம்பூட் வேண்டும் என்று ஸ்டோரில் எழுதிக் கொடுத்தபோது, லேடீஸ் சைஸ் ஸ்டாக் இல்லை, வர 2 வாரம் ஆகும் என்றார்கள். அந்த 2 வாரமும் எந்த வராண்டாவிலும் நான் ஸ்ட்ரிப்பர் கேனைத் திறக்கவில்லை, மேனேஜர் எவ்வளவோ கேட்டும். இப்போது 3 ஜோடி வந்திருக்கிறது. அக்கா ஒரு ஜோடியில் தன் பெயரை மார்க்கரில் எழுதி, ஸ்டோர் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறார்.