மெலனோமா பரவிய பிறகு: எங்கள் வீடுகளில் நடந்தது

மகள்:

அப்பாவுக்குக் குதிகாலில் கறுப்பாக ஒரு திட்டு. முதலில் பார்த்த மருத்துவர் கால் ஆணி என்று சொல்லி பிளாஸ்டர் ஒட்டச் சொன்னார். கால் ஆணி மிதித்தால் வலிக்கும். இது வலிக்கவே இல்லை. ஒரு பக்கம் அடர் கறுப்பு, இன்னொரு பக்கம் பழுப்பு என்று ஓரம் ஒழுங்கில்லாமல் படர்ந்தது. ஈரம் கசியத் தொடங்கிய சமயத்தில் தொடையிடுக்கில் நெறி கட்டியது. புண்ணால் கட்டும் நெறி தொட்டால் வலிக்கும், புண் ஆறினால் அமுங்கிவிடும். இது கெட்டியாக, வலியில்லாமல், வாராவாரம் பெரிதானது. ஊசியால் எடுத்துச் சோதித்ததில் மெலனோமா, அதாவது தோலின் நிறமிச் செல்களில் வரும் புற்றுநோய். பெட் ஸ்கேனில் நுரையீரலிலும் புள்ளிகள்.

வெயிலில் வெந்த வெள்ளைத் தோலுக்கு வரும் நோய் என்றுதான் கேள்விப்பட்டிருந்தோம். கறுப்பு, மாநிறத் தோல்காரர்களுக்கு இது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயில் அதிகம் படாத இடங்களில்தான் வருகிறதாம். பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் வந்ததும் இதுதான். 1977-இல் கண்டுபிடித்தார்கள், மூளைவரை பரவி 1981-இல், 36 வயதில் இறந்துபோனார்.

முதுகு மச்சக்காரன்:

எனக்குக் கதை வேறு. முதுகில் இருந்த மச்சத்தைச் சுற்றுத்தோலோடு வெட்டி எடுத்தாயிற்று. தடிமன் 2 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இந்த நோயில் அகலத்தைவிட ஆழம்தான் கணக்கு. நிறமிச் செல்கள் மேல்தோலோடு நிற்கும்வரை வெட்டினால் பெரும்பாலும் தீர்ந்தது; கீழே இறங்கி நிணநீர்க் குழாயையோ ரத்தக் குழாயையோ பிடித்துவிட்டால், நுரையீரல், கல்லீரல், எலும்பு, மூளை, குடல் என்று எங்கே போய் உட்காரும் என்று சொல்ல முடியாது. நோய் பரவினால் முதலில் போய்ச் சேரும் நிணநீர்க் கணுவை அக்குளில் எடுத்துப் பார்த்தார்கள், சுத்தமாக இருந்தது. பல வருடம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒருநாள் காலையில் பல் துலக்கும்போது வலது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, பிரஷ் நழுவி விழுந்தது. பக்கவாதம் என்று ஓடினோம். எம்ஆர்ஐயில் மூளையில் கட்டி, அதற்குள் ரத்தக் கசிவு. மெலனோமா மூளைக்குப் போனால் ரத்தம் கசிவது சகஜமாம்.

கட்டியை மட்டும் குறிவைத்துக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். கட்டியின் மரபணுச் சோதனையில் பிராஃப் (BRAF) என்ற மரபணுவில் மாற்றம் இருந்தது; தோல் மெலனோமாக்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது உண்டு. அதற்கென்றே உள்ள டாப்ராஃபெனிப், டிராமெட்டினிப் மாத்திரைகளில் கட்டிகள் மளமளவென்று சுருங்கின. கூடவே குளிர்காய்ச்சல்! போர்வைக்குள் கட்டிலே ஆடும். காய்ச்சல் வந்தால் மாத்திரையை நிறுத்து, விட்டதும் தொடங்கு, இதுதான் வழக்கமாகிப் போனது. பிறகு புற்று மாத்திரைக்குப் பழகிவிட்டது, இப்போது உடம்பின் நோயெதிர்ப்புச் சக்தியையே புற்றுக்கு எதிராகத் திருப்பும் இம்யூனோதெரபியில் இருக்கிறேன். அவசரம் இல்லாத பலருக்கு இம்யூனோதெரபியைத்தான் முதலில் தருகிறார்கள்.

வார்டு நர்ஸ்:

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பரவிய மெலனோமாவுக்கு டகார்பஸின் என்ற கீமோதான் இருந்தது. பெரும்பாலோர் ஒரு வருடம் தாண்டமாட்டார்கள். 2011-இல் அமெரிக்காவில் இபிலிமுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்துக்கு அனுமதி கிடைத்தது, 2014-இல் பெம்ப்ரோலிஸுமாப், நிவோலுமாப். நோயெதிர்ப்புச் செல்களின் பிரேக்கைப் புற்று அழுத்திப் பிடித்திருக்கும், இந்த மருந்துகள் அதை விடுவிக்கின்றன. வழிகாட்டிய ஜேம்ஸ் ஆலிசன், தசுக்கு ஹோஞ்சோ இருவருக்கும் 2018-இல் நோபல் கிடைத்தது. இபிலிமுமாப், நிவோலுமாப் இரண்டையும் சேர்த்துக் கொடுத்த பெரிய ஆய்வில் பத்து வருடம் கழித்தும் 43 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு 2015-இல் கல்லீரலிலும் மூளையிலும் இருந்தது. அறுவை, கதிர்வீச்சு, பெம்ப்ரோலிஸுமாப் எல்லாம் எடுத்து 100 வயதுவரை இருந்தார்.

ஆனால் பிரேக் இல்லாத வண்டி எங்கும் போய் மோதும். கீமோ மாதிரி முடி கொட்டவில்லையே என்று வீட்டில் நிம்மதியாக இருப்பார்கள். பேதி வந்தால் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று கடையில் மாத்திரை வாங்கிப் போடுவார்கள். அது குடல் அழற்சியாக இருக்கலாம், விட்டால் குடல் ஓட்டையாகும். உடனே ஸ்டீராய்டு தொடங்க வேண்டும். எழுந்திருக்க முடியாத அசதியோடு தலைவலி என்றால் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் அழற்சியாக இருக்கலாம், புதிதாக மூச்சு வாங்கினால் நுரையீரலில். தைராய்டு பழுதாவது ரொம்ப சாதாரணம். மருந்து நிறுத்திப் பல மாதம் கழித்தும் இவை வரலாம்.

கணவர்:

நல்ல செய்திகளுக்கு நடுவே இதையும் எழுதிவிடுகிறேன். என் மனைவிக்குக் கண்டுபிடித்தபோதே கல்லீரல் நிறையக் கட்டிகள், நோய் அதிகமானால் ரத்தத்தில் ஏறும் எல்டிஹெச் என்ற நொதி பல மடங்கு. பிராஃப் மாற்றமும் இல்லை. நர்ஸ் சொன்ன இபிலிமுமாப், நிவோலுமாப் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தும் கேட்கவில்லை. வலி நிவாரணக் குழுவை ஆரம்பத்திலேயே கூப்பிட்டதால் கடைசிவரை வலியில்லாமல் பேசிக்கொண்டிருந்தாள். அவர்களைக் கூப்பிட்டால் கைவிட்டதாக அர்த்தம் என்று சொந்தக்காரர்கள் சண்டை போட்டார்கள். போடட்டும்.

மகள்:

அப்பாவும் இம்யூனோதெரபியில்தான் இருக்கிறார். நர்ஸ் எழுதியதைப் படித்ததும் அவரைக் கேட்டேன். ரெண்டு நாளாக வயிறு சரியில்லையாம்; "உன்கிட்ட சொன்னா உடனே ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவே" என்கிறார். இழுத்துக்கொண்டுதான் போனேன். ஸ்டீராய்டு தொடங்கியாயிற்று, அடுத்த டோஸைத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.