பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? மதர்போர்டைக் குறை சொல்வதற்கு முன்

கும்பகோணம் பக்கத்தில் என் மாமா பத்திரம் எழுதுபவர். அவர் அலுவலகத்தில் இருப்பது கோர் 2 டுவோ பிராசசர், ஜி31 சிப்செட் போர்டு, 2 ஜிபி டிடிஆர்2 ரேம், விண்டோஸ் எக்ஸ்பி. பழைய எழுத்துருவில் அடித்த பத்திர மாதிரிகள் எல்லாம் அதற்குள்தான். டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரும் அதன் பேரலல் போர்ட்டில்தான் ஓடுகிறது. அதனால் "புதுசு வாங்கிடுங்க" என்பது அவருக்குச் சுலபமான பதில் இல்லை.

ஒரு நாள் பட்டனை அழுத்தினால் மூச்சே இல்லை. வந்து பார்த்த மெக்கானிக் மூடியைக்கூட முழுசாகக் கழற்றாமல், "போர்டு போயிடுச்சு சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இப்படிச் சொல்வதுதான் எனக்கு ஆகாது. போர்டுக்குக் கரண்ட் சரியாகப் போகிறதா என்று பார்க்காமல் போர்டைப் பற்றி எப்படிப் பேச முடியும்?

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கேபினட்டுக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி) போர்டுக்கு வரும் 24 முனை கனெக்டரின் பின்பக்கம் ஊதா வயரை அளந்தேன். அது ஸ்டாண்ட்பை வயர். சுவரில் ஸ்விட்ச் போட்டவுடன், பட்டனை அழுத்தாமலேயே அதில் 5 வோல்ட் இருக்க வேண்டும். 4.75 முதல் 5.25 வரை சரி. இங்கே 4.1 தான் காட்டியது. பட்டனை எத்தனை முறை அழுத்தினால் என்ன, போர்டு விழிக்கவே வழியில்லை.

அடுத்து கிளிப் சோதனை. மெயின் வயரைப் பிடுங்கிவிட்டு, எஸ்எம்பிஎஸ் கனெக்டரைப் போர்டிலிருந்து எடுத்து, பச்சை வயரையும் பக்கத்தில் உள்ள ஒரு கறுப்பு வயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்து, பிறகு மெயினைப் போட வேண்டும். பச்சை ஒன்றே ஒன்றுதான் இருக்கும், குழப்பம் வராது. நல்ல எஸ்எம்பிஎஸ் என்றால் ஃபேன் சுற்றும். இங்கே ஒரு துள்ளல் துள்ளி நின்றுவிட்டது. டார்ச் அடித்து எஸ்எம்பிஎஸ்ஸின் ஜாலி (காற்றுத் துளைகள்) வழியாகப் பார்த்தால் உள்ளே இரண்டு கெப்பாசிட்டரின் (மின்தேக்கி) தலை உப்பியிருந்தது.

எஸ்எம்பிஎஸ் மாற்றினோம். 24 முனையோடு, பிராசசர் பக்கத்தில் உள்ள 4 முனை 12 வோல்ட் கனெக்டரையும் மறக்காமல் செருக வேண்டும். அது இல்லாவிட்டால் ஃபேன் சுற்றும், திரை வராது. எங்களுக்கு இரண்டையும் செருகிய பிறகும் திரை வரவில்லை. ரேமைக் கழற்றி, தங்க நிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டு ஒரே ஒரு ரேமை மட்டும் போட்டவுடன் வந்துவிட்டது. அப்புறம் "சிமாஸ் செக்சம் எரர்" (போர்டு நினைவில் வைத்திருந்த அமைப்பு அழிந்துவிட்டது) என்று காட்டி எஃப்1 அழுத்தச் சொன்னது. சிஆர்2032 வட்ட பேட்டரி மாற்றியதும் அதுவும் சரி. போர்டு இன்று வரை அதேதான்.

*

தம்பி சொன்னதோடு திருப்பூர் அனுபவம் ஒன்றையும் சேர்க்கிறேன். பனியன் கம்பெனி பில்லிங் கம்ப்யூட்டர்கள் பார்த்துக்கொள்வது என் வேலை. இங்கே எதிரி பஞ்சுதான். ஹீட் சிங்க்கில் பஞ்சு அடைத்துப் போர்வை மாதிரி மூடிக்கிடக்கும்.

ஆன் ஆகி, சில நொடியில் தானே அணைந்துவிடும் என்றால் நான் முதலில் பார்ப்பது பிராசசர் ஃபேன். எல்ஜிஏ775 சாக்கெட் (கோர் 2 டுவோ உட்காரும் இடம்) கூலரில் நாலு மூலையிலும் பிளாஸ்டிக் அழுத்து முனைகள் இருக்கும். சுத்தம் செய்கிறேன் என்று யாராவது கழற்றி மாட்டியிருப்பார்கள், ஒரு முனை சரியாகப் பதிந்திருக்காது. கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், பிராசசர் சூடேறித் தானாகவே அணைத்துக்கொள்ளும். பழைய பேஸ்ட்டைத் துடைத்து, புதிதாகக் கொஞ்சம் வைத்து, நாலும் "டக்" என்று பதியும்வரை அழுத்துங்கள்.

இன்னொன்று, கேபினட் பட்டனே கெட்டிருக்கலாம். போர்டின் ஓரத்தில் பவர் ஸ்விட்ச் வயரைக் கழற்றி, அந்த இரண்டு பின்னை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் ஆன் ஆக வேண்டும். அப்படி ஆன் ஆகிவிட்டால் பட்டன் மட்டும்தான் பழுது. ரீசெட் பட்டன் உள்ளே மாட்டிக்கொண்டாலும் ஃபேன் சுற்றும், திரை வராது. ரீசெட் வயரைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள்.

*

நான் தூத்துக்குடியில் பள்ளிக் கம்ப்யூட்டர் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவள். கோடை விடுமுறை முடிந்து திறந்தால் சில சிஸ்டமாவது கிளம்பாது. கடல் காற்று, ஈரம், பூட்டிய அறை. இங்கே பெரும்பாலும் ரேம் தான். ரேமை மட்டும் தேய்த்தால் போதாது, ஸ்லாட்டின் உள்ளேயும் மென்மையான பிரஷ்ஷால் தூசி எடுக்க வேண்டும்.

திரை வராதபோது போர்டு பழுதைப் பீப் ஒலியில் சொல்லும், ஆனால் அசெம்பிள்டு கேபினட்டுகளில் பெரும்பாலும் பீப் ஸ்பீக்கர் இருப்பதில்லை. விலை மிகக் குறைவு, ஒன்று வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பயாஸ் என்பது ஆன் செய்தவுடன் போர்டில் முதலில் ஓடும் மென்பொருள். அவார்டு நிறுவன பயாஸில் ஒரு நீண்ட பீப், இரண்டு குறும் பீப் என்றால் டிஸ்ப்ளே கார்டு. நீண்ட பீப் விடாமல் வந்தால் ரேம். ஏஎம்ஐ பயாஸின் கணக்கு வேறு, அங்கே எட்டுக் குறும் பீப் வந்தால் டிஸ்ப்ளே. ரேமை முழுக்க எடுத்துவிட்டு ஆன் செய்தும் பீப் வந்தால் சந்தோஷப்படுங்கள். பிராசசரும் போர்டும் உயிரோடு இருக்கின்றன என்று பெரும்பாலும் நம்பலாம்.

பேட்டரி மாற்றிய பிறகு ஒரு விஷயம். எச்61 போர்டு ஒன்றில் விண்டோஸ் 7 பாதியில் நீலத் திரை காட்டியது, குறியீடு 0x0000007B. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை. பேட்டரி தீர்ந்ததில் பயாஸ் அமைப்பு பழைய நிலைக்குத் திரும்பி, சாட்டா மோடு (டிஸ்க்கோடு போர்டு பேசும் முறை) ஏஎச்சிஐயிலிருந்து ஐடிஇ ஆகிவிட்டது. திருப்பி ஏஎச்சிஐ வைத்ததும் எழுந்தது. யாரும் ஃபார்மேட் செய்யாமல் தடுத்ததே எனக்குப் பெரிய நிம்மதி, பிள்ளைகளின் பிராஜெக்ட் எல்லாம் அதில் இருந்தன. தேதியையும் சரி செய்யுங்கள், இல்லையென்றால் பல இணையதளங்கள் சான்றிதழ் பிழை காட்டும்.

*

ரேடியோ, டிவி ரிப்பேரில் ஆரம்பித்துக் கம்ப்யூட்டருக்கு வந்தவன் நான். கெப்பாசிட்டர் பற்றி மட்டும் சொல்கிறேன். ஏறக்குறைய 1999 முதல் 2007 வரை வந்த போர்டுகளில் தரமற்ற எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் உலகம் முழுக்கப் பரவியிருந்தது. பிராசசரைச் சுற்றி வரிசையாக நிற்பவற்றைப் பாருங்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அல்லது அதற்கு மேல், 105 டிகிரி, குறைந்த இஎஸ்ஆர் (உள் மின்தடை) ரகம். பட்டை போட்ட பக்கம் மைனஸ். திருப்பி வைத்தால் வெடிக்கும்.

முதல் பதிவு எழுதிய தம்பி எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்காமல் ஜாலி வழியாகப் பார்த்தது மிகச் சரி. பழகாதவர்கள் அந்தப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். 230 வோல்ட்டை டிசியாக மாற்றும்போது உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 320 வோல்ட்டுக்கு மேல் ஏறி நிற்கும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் சில நேரம் அது அங்கேயே இருக்கும்.

இத்தனையும் பார்த்து எழவில்லை என்றால்தான் போர்டு போனது என்று ஒத்துக்கொள்வேன். அப்போதும் மாமாவின் பத்திரங்கள் போகவில்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி யுஎஸ்பி கன்வெர்ட்டரில் மாட்டினால் வேறு கம்ப்யூட்டரில் திறக்கும். 40 முனை ஐடிஇ டிஸ்க் என்றால் ஜம்பரை மாஸ்டரில் வைத்து, தனி 12 வோல்ட் அடாப்டரோடு வரும் கன்வெர்ட்டராக வாங்குங்கள். யுஎஸ்பி கரண்ட் மட்டும் அதைச் சுற்ற வைக்காது.